உச்சி வானில் ஒரு துகள் முடுக்கி

ஜெனீவாவுக்குப் பக்கத்தில் பூமிக்கடியில் ஓடும் பெரும் ஹேட்ரான் மோதுவியின் வளையம் 27 கிலோமீட்டர் சுற்றளவு கொண்டது. அதை அப்படியே பெயர்த்துக் கெடா மண்ணில் பதித்தால், ஒரு விளிம்பு சுங்கைப் பட்டாணியிலும் மறு விளிம்பு ஏறக்குறைய பீடோங்கிலும் நிற்கும். நடுவிலுள்ள செம்பனைத் தோட்டங்களும் மிச்சமிருக்கும் பால்மரக் காடுகளும் வளையத்துக்குள் வந்துவிடும். 2022 ஜூலையிலிருந்து அந்த மோதுவி புரோட்டான்களை 13.6 டெரா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் நேருக்கு நேர் மோதவிடுகிறது. மனிதர் கட்டிய வேறெந்த இயந்திரமும் இந்த அளவை எட்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் தேசியத் துகள் இயற்பியல் மையம் அங்குள்ள சி.எம்.எஸ். ஆய்வுக் குழுவில் இடம்பெற்றிருப்பதால், இந்த வேலையில் மலேசியர்களுக்கும் பங்கு உண்டு.

ஆனாலும் இயற்பியலாளர்கள் எட்ட நினைக்கும் உயரம் இதற்கு வெகு மேலே இருக்கிறது. ஈர்ப்பும் குவாண்டம் விதிகளும் ஒன்றையொன்று தட்டிக்கழிக்க முடியாத நிலை பிளாங்க் ஆற்றலில்தான் வருகிறது. அது இன்றைய மோதுவியின் ஆற்றலைப் போல ஏறத்தாழ 900 டிரில்லியன் மடங்கு. இதே காந்தங்களை வைத்துக்கொண்டு அந்த ஆற்றலுக்கு ஒரு வளையம் கட்டினால் அதன் சுற்றளவு சுமார் 2,500 ஒளியாண்டு. 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கிய நாளில் அந்த வளையத்தில் ஓர் ஒளிக்கதிர் புறப்பட்டிருந்தால், இன்றுவரை பாதிச் சுற்றைக்கூட முடித்திருக்காது.

கட்ட முடியாததை இயற்கை கட்டி வைத்திருக்கிறதா என்று தேடியவர்களில் மூவர், 2009-இல் ஒரு சிறிய ஆய்வுரையை ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். சிலி நாட்டின் மாக்சிமோ பன்யாடோஸ், ஆக்ஸ்போர்டின் ஜோசப் சில்க், லண்டனின் ஸ்டீபன் வெஸ்ட். உச்ச வேகத்தில் தற்சுழலும் ஒரு கருந்துளையின் விளிம்பில் இரண்டு துகள்கள் மோதினால், மோதலின் ஆற்றலுக்கு மேல் வரம்பே கிடையாது என்று அவர்களின் கணக்கு சொன்னது. மூவரின் பெயர்களிலுள்ள முதலெழுத்துகளைக் கொண்டு இதை பி.எஸ்.டபிள்யூ. விளைவு என்கிறார்கள். அன்றிலிருந்து இந்தக் கணக்கு ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டோடு நிற்கவில்லை. அதைத் திருத்தி எழுதும் கோட்பாடுகள் ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கப்படுகிறது.

மோதலின் ஆற்றல் என்பதை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் குருணைத் தாண்டி ஒரு காரும் அதன் பின்னால் இன்னொரு காரும் மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடுகின்றன. பின்னால் வருவது லேசாக இடித்தாலும் பம்பர் நசுங்குவதோடு சரி. அதே கார், ஏற்றத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் லோரியின் பின்னால் போய் மோதினால் கதை வேறு. தரையைப் பொறுத்து ஒவ்வொன்றும் எவ்வளவு வேகம் என்பதைவிட, ஒன்றைப் பொறுத்து மற்றது எவ்வளவு வேகம் என்பதே சேதத்தைத் தீர்மானிக்கிறது. துகள்களிலும் அப்படித்தான். இரண்டின் நிறை மையத்திலிருந்து பார்க்கும்போது மிஞ்சும் ஆற்றலே புதிய துகள்களைப் பிறப்பிக்கும். மற்றதெல்லாம் சிதறல்களோடு முன்னோக்கி ஓடிப் போய்விடும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்குக் காஸ்மிக் கதிர்கள் சாட்சி. விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அணுக்கருக்களில் மோதி உடைகின்றன. அந்த உடைசலில் பிறக்கும் மியூவான்கள் தரைவரை வருகின்றன; கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று. லூனாஸ் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் உள்ளங்கையை வானத்தை நோக்கி விரித்து வைத்தால் ஒவ்வொரு விநாடியும் ஒரு மியூவான் அளவுக்கு அதைத் துளைத்துக்கொண்டு மண்ணுக்குள் போகிறது. வலிப்பதில்லை, தெரிவதுமில்லை. ஜெராய் மலையின் உச்சியில் நின்றால் எண்ணிக்கை சற்றுக் கூடும். 1991 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் பதிவான ஒரே ஒரு துகளில் 300 மில்லியன் டெரா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருந்தது. ஜெனீவா மோதுவியில் ஓடும் ஒரு புரோட்டானைப் போல நான்கு கோடி மடங்குக்கும் மேல். ஆனால் அது மோதியது அசையாமல் நின்ற காற்றணுவில். நிறை மையக் கணக்கில் அந்த மோதல் சுமார் 750 டெரா எலெக்ட்ரான் வோல்ட்தான். மோதுவியைவிட ஐம்பத்தைந்து மடங்கு மட்டுமே.

சரி, கருந்துளை இதில் என்ன செய்கிறது?

நான்காம் படிவ இயற்பியல் பாடநூலின் ஈர்ப்பு அத்தியாயத்தில் விடுபடு திசைவேகத்துக்கு ஒரு சூத்திரம் வருகிறது. பூமியை விட்டு வெளியேற விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேண்டும் என்று மாணவர்கள் அதைக் கொண்டுதான் கணக்கிடுகிறார்கள். அந்தச் சூத்திரத்தில் வேகத்துக்குப் பதிலாக ஒளியின் வேகத்தைப் போட்டு ஆரத்தைக் கண்டுபிடித்தால், பூமிக்கு 9 மில்லிமீட்டரும் சூரியனுக்கு 3 கிலோமீட்டரும் கிடைக்கும். நியூட்டனின் சூத்திரம் என்றாலும் விடை ஐன்ஸ்டைனின் விடையோடு பொருந்திவிடுகிறது. அந்த ஆரத்துக்குள் பொருளை அடக்கினால் ஒளிகூட வெளியே வராது. எல்லையின் பெயர் நிகழ்வெல்லை.

சுழலாத கருந்துளை அவ்வளவு சக்தி வாய்ந்த முடுக்கி இல்லை. வெகு தொலைவில் அசைவின்றி நின்ற இரண்டு சமநிறைத் துகள்கள் அதை நோக்கி விழுந்து விளிம்பில் மோதினால், மோதலாற்றல் ஒரு துகளின் ஓய்வாற்றலைப் போல அதிகபட்சம் 4.47 மடங்கு. விழும் வேகம் ஒளிவேகத்தை நெருங்கினாலும் இரண்டும் ஒரே திசையில், கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் விழுவதால் ஒன்றைப் பொறுத்து மற்றதன் வேகம் ஏறுவதில்லை.

சுழலும் கருந்துளைக்கு வழி காட்டியவர் நியூசிலாந்துக்காரர் ராய் கெர். 1963-இல் அவர் கண்ட தீர்வைத் தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு பெயரோடு சேர்த்து நினைக்கலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பின்னாளில் 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், அதே ஆண்டில் ‘கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு’ என்ற பெருநூலை வெளியிட்டார். கெர் கருந்துளையைச் சுற்றித் துகள்களும் ஒளியும் எந்தெந்தப் பாதையில் போகும் என்பதைப் பக்கம் பக்கமாக அந்த நூல் வகுத்துச் சொல்கிறது. வானிலுள்ள எண்ணற்ற கருந்துளைகளை இந்த ஒரே தீர்வு துல்லியமாகப் படம் பிடிக்கிறது என்று உணர்ந்ததே தன் அறிவியல் வாழ்க்கையில் தன்னை மிகவும் உலுக்கிய அனுபவம் என்று அவர் எழுதியிருக்கிறார். மோதலாற்றலைக் கணக்கிடும் எவரும் அங்கே விளக்கப்பட்டுள்ள பாதைகளின் மேல்தான் நடக்கிறார்கள்.

கெர் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் இழுத்துக்கொண்டு சுழல்கிறது. அதை நோக்கி விழும் துகளுக்குக் கோண உந்தம் அதிகமாக இருந்தால் அது உள்ளே போக முடியாமல் திரும்பிவிடும். குறைவாக இருந்தால் நேரே விழுந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, உச்சச் சுழற்சியில், ஒரே ஒரு மாறுநிலை மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்போடு வரும் துகள் நிகழ்வெல்லையை நெருங்க நெருங்கத் தயங்கும். விளிம்பருகே அந்த இடத்தின் சுழற்சியோடு சேர்ந்து சுற்றும் ஒரு பார்வையாளருக்கு அது ஒளியைவிடக் குறைவான, ஓர் அளவான வேகத்தில் தெரியும். சாதாரணக் கோண உந்தத்தோடு வரும் இன்னொரு துகளோ அதே பார்வையாளரை ஏறக்குறைய ஒளிவேகத்தில் கடந்து பாயும். நெடுஞ்சாலையின் லோரியும் காரும் இங்கே வந்துவிட்டன. விளிம்புக்கு எவ்வளவு அருகில் மோதல் நடக்கிறதோ அவ்வளவு ஆற்றல், வரம்பில்லை.

கார்கிவ் நகரின் ஒலெக் ஸஸ்லாவ்ஸ்கி 2010-இல் இந்த விளக்கத்தை இன்னும் பொதுவாக்கினார். பி.எஸ்.டபிள்யூ. விளைவுக்கு ஐன்ஸ்டைனின் புலச் சமன்பாடு தேவையே இல்லை, நிகழ்வெல்லையின் வடிவியல் மட்டும் போதும் என்பது அவர் காட்டியது. ஈர்ப்பு எந்த விதியின்படி நடந்தாலும், அந்த விதி உச்சச் சுழற்சியுள்ள ஒரு கருந்துளையை அனுமதித்தால் போதும், இந்த வரம்பில்லாத ஆற்றல் அங்கே காத்திருக்கும்.

இந்த முடிவை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பிறகு வந்த ஆய்வுரைகளைச் சரியாக எடைபோட முடியும். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலை ஏன் திருத்த வேண்டும் என்பதற்கு மூன்று பழைய காரணங்கள் உண்டு. விண்மீன் மண்டலங்களின் வெளிப்புறம் கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குத் தகாத வேகத்தில் சுழல்கிறது. அண்டத்தின் விரிவு வேகம் பிடித்துக்கொண்டே போகிறது என்று 1998-இல் தெரிந்தது. கருந்துளையின் மையத்தில் கோட்பாடே முடிவிலியில் முறிகிறது. முதல் இரண்டுக்கும் இருண்ட பொருள், இருண்ட ஆற்றல் என்று பெயர் வைத்துப் பொதுச் சார்பியலைக் காப்பாற்றுபவர்கள்தான் பெரும்பான்மை. சமன்பாட்டையே மாற்றிப் பார்ப்போம் என்பவர்கள் மற்றவர்கள். கனடாவின் ஜான் மோஃபட் 2006-இல் முன்வைத்த கோட்பாட்டில் ஈர்ப்பின் வலிமையே மாறக்கூடியது. சரக் கோட்பாட்டிலிருந்து 1992-இல் அசோக் சென் ஒரு சுழலும் மின்னேற்றக் கருந்துளையைக் கண்டெடுத்தார். நாம் வாழும் வெளி, உயர்பரிமாணப் பேரண்டத்துக்குள் மிதக்கும் ஒரு படலம் என்று கொள்ளும் படல உலகக் கோட்பாட்டில், புனேயின் நரேஷ் தாதிச்சும் அவருடைய கூட்டாளிகளும் 2000-இல் ஒரு கருந்துளைத் தீர்வைத் தந்தார்கள்.

இவை ஒவ்வொன்றிலும் இரண்டு துகள்களை மோதவிட்டுப் பார்த்தாகிவிட்டது. அசோக் சென்னின் கருந்துளைக்குச் சீனாவின் லான்ஜோ பல்கலைக்கழகக் குழு 2010-இல் கணக்குப் போட்டது. மையத்தில் முடிவிலி இல்லாத ஹேவர்டு வகைக் கருந்துளைக்கு, தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் சுஷாந்த் கோஷும் முகமது அமீரும் 2015-இல் போட்டார்கள். உச்சச் சுழற்சியில் மோதலாற்றலுக்கு வரம்பில்லை என்பதே எல்லாவற்றின் விடையும். மும்பை டாட்டா ஆய்வு நிலையத்தின் மந்தார் பாட்டிலும் பங்கஜ் ஜோஷியும் போட்ட கணக்கு இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. உச்சத்தை இம்மியளவு தாண்டிச் சுழலும், நிகழ்வெல்லையே இல்லாத வெற்று ஒருமைப்புள்ளியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஒரு துகள் உள்ளே போய்த் திரும்பி வந்து, எதிரே விழும் துகளோடு நேருக்கு நேர் மோதலாம். மாறுநிலைக் கோண உந்தத்துக்காகக் குறி வைக்கத் தேவையில்லை.

வரம்பில்லை என்ற சொல்லிலேயே பல ஆய்வுரைகள் நின்றுவிடுகின்றன. ஸஸ்லாவ்ஸ்கிக்குப் பிறகு அந்தச் சொல்லில் புதுமை எதுவும் இல்லை. எந்தக் கோட்பாட்டில் போட்டாலும் அதே விடை வருமென்றால், அந்த விடையைக் கொண்டு எந்தக் கோட்பாடு சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பயனுள்ள தகவல் வரம்புள்ள எண்களில்தான் ஒளிந்திருக்கிறது.

அந்த எண்களுக்கு வருவதற்கு முன் எதிர்ப்புக் குரல்களைக் கேட்டாக வேண்டும். பி.எஸ்.டபிள்யூ. ஆய்வுரை வந்த அதே ஆண்டில் எமானுவேலே பெர்ட்டியும் உடன் நால்வரும் மறுப்பு எழுதினார்கள். அடுத்த ஆண்டு டெட் ஜேக்கப்சனும் தாமஸ் சொத்திரியுவும் எழுதினார்கள். கருந்துளையின் தற்சுழற்சியை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் குறிப்பது வழக்கம். விழும் வாயுவால் சுழற்றிவிடப்படும் கருந்துளை 0.998-ஐத் தாண்டாது என்று கிப் தோர்ன் 1974-இலேயே காட்டியிருந்தார். வாயு வட்டிலிருந்து வரும் ஒளியே எதிர்த் திசையில் இழுத்து அதைத் தடுத்துவிடும். 0.998-இல் மோதலாற்றல் எவ்வளவு? துகளின் ஓய்வாற்றலைப் போல ஏறத்தாழ 19 மடங்கு. முடிவிலி என்று ஆரம்பித்தது பத்தொன்பதில் வந்து நிற்கிறது. புரோட்டான்களுக்கு அது 18 கிகா எலெக்ட்ரான் வோல்ட். 1971-இல் செர்ன் ஆய்வகத்தில் இயங்கத் தொடங்கிய முதல் புரோட்டான் மோதுவியே 62 வரை போனது.

ஜெனீவா மோதுவிக்கு ஈடாகப் புரோட்டான்களை மோதவிட வேண்டுமென்றால் தற்சுழற்சி 0.999999999999994 ஆக இருக்க வேண்டும். புள்ளிக்குப் பின் பதினான்கு ஒன்பதுகள். எந்த வாயு வட்டும் ஒரு கருந்துளையை அங்கே கொண்டு சேர்க்காது. சரியாக 1 என்றே வைத்துக்கொண்டாலும் இன்னொரு முட்டுக்கட்டை: மாறுநிலைத் துகள் விளிம்பை எட்ட முடிவில்லாத காலம் எடுக்கும்.

மோதலில் பிறந்ததை வெளியே கொண்டுவருவதும் பெரும்பாடு. ஆழத்தில் பிறந்த துகள் மேலே ஏறும்போது தன் ஆற்றலையே கப்பமாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஜெருசலேமின் ஸ்வி பிரான், ஜேக்கப் ஷாஹம், ஜோசப் காட்ஸ் ஆகியோர் 1975-இலேயே கருந்துளையருகே மோதல்கள் மூலம் ஆற்றலை உருவும் வழியை ஆராய்ந்திருந்தார்கள். அதே பிரான் 2012-இல் வேறு கூட்டாளிகளோடு திரும்பி வந்தார். உள்ளே போட்ட ஆற்றலில் அதிகபட்சம் 130 விழுக்காடுதான் வெளியே வரும் என்பது அவர்களின் கணக்கு. விளிம்பில் எத்தனை கோடி மடங்கு மோதினாலும் தொலைவில் நிற்பவருக்குக் கிடைக்கும் ஆதாயம் முப்பது விழுக்காடு. இரண்டாண்டுகளில் நாசாவின் ஜெரமி ஷ்னிட்மன், வெளிநோக்கி வரும் துகளையும் மோதலில் சேர்த்துப் பார்த்து, கிட்டத்தட்ட 14 மடங்கு வரை போகலாம் என்று திருத்தினார். பதினான்கு நல்ல எண்தான். முடிவிலியிலிருந்து அது வெகு தூரம்.

இனி வரம்புள்ள எண்களுக்கு வரலாம். கெர் கருந்துளையின் உச்சச் சுழற்சி 1 என்பது ஐன்ஸ்டைனின் சமன்பாடு விதிக்கும் வரம்பு. படல உலகக் கருந்துளைக்கு நிறை, தற்சுழற்சி இரண்டோடு ஓத மின்னூட்டம் என்ற மூன்றாவது எண்ணும் உண்டு. மின்சாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கூடுதல் பரிமாணத்தின் ஈர்ப்பு நம் படலத்தில் விட்டுச் செல்லும் தடம் அது. கணக்கு எளிமையானது: தற்சுழற்சியின் வர்க்கத்தோடு ஓத மின்னூட்டத்தைக் கூட்டினால் 1-ஐத் தாண்டக் கூடாது. மின்னூட்டம் எதிர்க்குறியில் இருக்கலாம். அது −1 என்றால் தற்சுழற்சி 1.41 வரை போக இடமிருக்கிறது.

அப்படியென்றால், 0.998 தற்சுழற்சியுள்ள ஒரு கருந்துளை ஐன்ஸ்டைனின் உலகில் உச்சத்தின் விளிம்பில் நிற்கிறது. படல உலகிலோ அதே கருந்துளை உச்சத்துக்குக் கீழே வெகு தொலைவில் இருக்கிறது. அங்கே மோதல் மிகச் சாதாரணமானது. ஒரே நிறை, ஒரே சுழற்சி, ஆனால் மோதலாற்றல் வேறு. திருத்திய ஈர்ப்புக் கோட்பாடுகளில் துகள் மோதலைக் கணக்கிடுவதன் உண்மையான பலன் இதுதான்: எந்தச் சுழற்சியில் ஆற்றல் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்ற வளைகோடு கோட்பாட்டுக்குக் கோட்பாடு மாறுகிறது. மோதலை நேரடியாகப் பார்க்க முடியாவிட்டாலும், அதே வளைகோட்டைத் தீர்மானிக்கும் தற்சுழற்சி வரம்பை வானத்தில் தேடலாம்.

தேடியவர்களில் முன்வரிசையில் இருப்பவர் ரமேஷ் நாராயண். கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு வடிவத்தைக் கண்ட சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரனின் மகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து, பெங்களூரு ராமன் ஆய்வு நிலையத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஜெஃப்ரி மெக்ளின்டாக்கும் அவரும் குழுவினரும் கருந்துளையின் தற்சுழற்சியை அளக்க ஒரு நேரான வழியைக் கையாண்டார்கள். கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டுக்கு ஓர் உள்விளிம்பு உண்டு. அதைத் தாண்டினால் வாயு சுற்ற முடியாமல் விழுந்துவிடும். சுழற்சி கூடக் கூட அந்த விளிம்பு உள்ளே நகரும். வட்டு வெளியிடும் எக்ஸ் கதிரின் வெப்பநிலையையும் ஒளிர்வையும் கொண்டு விளிம்பின் ஆரத்தைக் கணக்கிட்டால், சுழற்சி கைக்கு வந்துவிடும்.

2006-இல் அவர்கள் அளந்தது ஜி.ஆர்.எஸ். 1915+105 என்ற கருந்துளை. அதன் நிறை, பின்னர் திருத்திய கணக்குப்படி, சூரியனைப் போல ஏறத்தாழ 12 மடங்கு. அது சுழலாமல் இருந்தால் வட்டின் உள்விளிம்பு மையத்திலிருந்து 110 கிலோமீட்டரில் இருக்கும். கூலிமிலிருந்து சாங்லூனை நெருங்கும் தூரம். உச்சச் சுழற்சியில் 18 கிலோமீட்டர். சுங்கைப் பட்டாணியிலிருந்து குருண் வரை. அளந்தபோது தற்சுழற்சி 0.98-க்கு மேல் வந்தது. விநாடிக்கு 950 முறைக்கும் அதிகமான சுழற்சி. 2011-இல் சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளைக்கு 0.95-க்கு மேல் என்று கண்டார்கள். பத்தாண்டுக்குப் பிறகு அதன் தொலைவும் நிறையும் திருத்தி அளக்கப்பட்டபோது அந்த எண் 0.9985-ஐத் தாண்டியது. தோர்னின் வரம்பையே இம்மியளவு தாண்டி நிற்கும் எண்.

ஜி.ஆர்.எஸ். 1915+105 கழுகு விண்மீன் கூட்டத்தில், திருவோணம் நட்சத்திரத்துக்கு மேற்கே கிட்டத்தட்ட ஒன்பது பாகை தள்ளி இருக்கிறது. தொலைவு சுமார் 28,000 ஒளியாண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இடத்தைக் கண்டுகொள்ளலாம். மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில், விடியற்காலை ஐந்து, ஐந்தரை மணிக்கு, பால் வெட்டுக்குப் போகிறவர்கள் பெரட்டுக்குக் கிளம்பும் வேளையில், பாடாங் செராயிலோ பீடோங்கிலோ நின்று நேர் மேலே அண்ணாந்து பார்த்தால், உச்சியிலிருந்து வடக்கே சுமார் ஐந்து பாகையில் அந்தக் கருந்துளை இருக்கும். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக, தெற்கே ஐம்பத்தைந்து பாகை உயரத்தில், மூலம் நட்சத்திரத்துக்குச் சற்று வடக்கே, நம் பால்வீதியின் மையம் உச்சத்தைத் தொட்டிருக்கும். அங்கே நாற்பது லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. 2022 மே 12 அன்று அதன் படத்தை நிகழ்வெல்லைத் தொலைநோக்கிக் குழு வெளியிட்டது. ஜோசப் சில்க் முதலியோர் இருண்ட பொருள் துகள்களின் மோதலுக்கு மனத்தில் வைத்த இடங்கள், இப்படிப்பட்ட பெருங்கருந்துளைகளின் முன்னோடிகள் என்று ஊகிக்கப்படும் நடுத்தர நிறைக் கருந்துளைகளின் அருகாமைதான்.

இங்கே ஒரு சிக்கலைத் தாண்டாமல் மேலே போக முடியாது. உள்விளிம்பிலிருந்து சுழற்சியைக் கணக்கிடும்போது, இடையில் கெர் தீர்வைத்தான் பயன்படுத்துகிறார்கள். கெர் தீர்வுக்குள் 1-ஐத் தாண்டிய கருந்துளை கிடையாது. ஆகவே அந்த முறை எவ்வளவு துல்லியமானாலும் 1-க்கு மேல் ஒரு விடையைத் தரவே தராது. ஐன்ஸ்டைன் சரி என்று வைத்துக்கொண்டு அளந்த எண்ணைக் கொண்டு ஐன்ஸ்டைன் சரியா என்று சோதிக்க முடியாது. எந்தக் கோட்பாட்டைச் சோதிக்க வேண்டுமோ அந்தக் கோட்பாட்டின் கருந்துளையை வைத்துப் பழைய தரவுகளை முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டும்.

கொல்கத்தாவின் இந்திராணி பானர்ஜி, சுமந்த சக்ரவர்த்தி, சௌமித்ர சென்குப்தா ஆகியோர் அதைத்தான் செய்தார்கள். பேலோமர்–கிரீன் பட்டியலிலுள்ள குவேசார்களின் ஒளியளவைப் படல உலகக் கருந்துளையை வைத்து 2019-இல் மறுபடி கணக்கிட்டார்கள். 2020-இல் எம்87 மண்டலத்தின் கருந்துளை நிழலையும் அவ்வாறே பார்த்தார்கள். எதிர்க்குறி ஓத மின்னூட்டம் சற்றுக் கூடுதலாகப் பொருந்துவதாக அவர்களுக்குத் தெரிந்தது. 650 கோடி சூரிய நிறையுள்ள அந்தக் கருந்துளையின் நிழல், அளவீட்டுப் பிழைக்குள் பொதுச் சார்பியலோடும் பொருந்துகிறது. ஆகவே வழக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. ஆனால் வழக்கை எப்படி நடத்த வேண்டும் என்பது அவர்கள் வேலையிலிருந்து தெளிவாகிறது.

ஈர்ப்பலைகள் வேறொரு பாதை. சென்னைக் கணிதவியல் கழகத்தின் கே.ஜி. அருண், பாலா ஐயர், சத்தியபிரகாஷ் முதலியோரோடு சேர்ந்து 2006-இல் ஒரு முறையை முன்வைத்தார். ஈர்ப்பலையின் வடிவத்திலுள்ள ஒவ்வொரு கூறையும் தனித்தனியாக அளந்து, பொதுச் சார்பியல் சொல்லும் மதிப்போடு ஒத்துப் பார்ப்பது அது. முதல் ஈர்ப்பலை பிடிபடுவதற்கு ஒன்பது ஆண்டு முன்பே எழுதப்பட்ட முறை. 2025 ஜனவரி 14 அன்று லைகோ கருவிகளுக்குக் கிடைத்த சமிக்ஞை இதுவரை வந்தவற்றில் மிகத் தெளிவானது. இரண்டு கருந்துளைகள் இணைந்து ஒன்றான பின் எழுந்த அதிர்வு, கெர் கருந்துளை எப்படி அதிர வேண்டுமோ அப்படியே அதிர்ந்தது.

இன்னும் கூர்மையான சோதனைக்கு ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் ஒப்புதல் தந்த லீசா திட்டம் தயாராகிறது. மூன்று விண்கலங்கள், ஒன்றுக்கொன்று 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில், 2035-இல் ஏவ உத்தேசம். பெருங்கருந்துளை ஒன்றைச் சுற்றிச் சுற்றி விழும் சிறு கருந்துளையின் பல்லாயிரம் சுற்றுகளை அவை பின்தொடரும். அந்தச் சுற்றுகளிலிருந்து மூன்று எண்கள் தனித்தனியே கிடைக்கும்: நிறை, தற்சுழற்சி, சுழற்சியால் கருந்துளையின் ஈர்ப்புப் புலம் எவ்வளவு தட்டையாகியிருக்கிறது என்ற அளவு. கெர் கருந்துளை என்றால் மூன்றாவது எண் முதல் இரண்டிலிருந்தே வந்துவிட வேண்டும்: நிறையின் மும்மடியைத் தற்சுழற்சியின் வர்க்கத்தால் பெருக்கிய மதிப்பு. கணக்கிட்டதும் அளந்ததும் ஒத்துவராத ஒரே ஒரு கருந்துளை அகப்பட்டாலும், எந்தத் திருத்திய கோட்பாட்டின் மோதல் வளைகோட்டை எடுத்துக்கொள்வது என்ற கேள்விக்கு முதன்முறையாக வானத்திலிருந்தே ஒரு பதில் வரும்.